பதினேழாம் அறையைக் காலி செய்த நாள்

அத்தியாயம் பதினொன்று

நாலு நாளாக ஆர்டெலியா ப்ரூவிட் தன் தம்பியின் பெயரை வாயில் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எல்லோரும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பயறு வெந்து, கோழி பொரிந்து, சோளரொட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கார்டெல் அதைச் சொன்னான்.

"வியாழக்கிழமை கூட்டத்துல நான் ஆதரவாத்தான் ஓட்டுப் போடப் போறேன் அக்கா. முன்னாடியே சொல்லிடறேன்."

ஆர்டெலியா எழுந்து போய் ரொட்டியை மூடி வைத்தாள். அத்தோடு பேச்சு நின்றது.

இன்று வியாழக்கிழமை.

மாநிலச் சட்டசபையின் புதுச் சட்டம் ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தது. பன்முகத்தன்மை, சமத்துவம், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுதல் என்ற மூன்று சொற்களின் பேரில் அரசுப் பள்ளிகளில் இனி ஓர் அலுவலகம் இருக்கக் கூடாது, ஒரு வேலை இருக்கக் கூடாது, ஒரு பயிற்சி வகுப்பு கூட நடக்கக் கூடாது. அப்படி எதுவும் தங்களிடம் இல்லை என்று அந்தந்த ஊர்ப் பள்ளிக் குழு தீர்மானம் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கத் தென்மாநிலச் சிற்றூரான மெரோ க்ரீக்கில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். உயர்நிலைப் பள்ளியின் பதினேழாம் அறை. பத்தொன்பது வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தவள் ஆர்டெலியா. அதை மூடப்போகும் ஏழு பேர் குழுவில் ஒரே கறுப்பர், அவள் கூடப்பிறந்த தம்பி.

*

காலை ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியை க்வென் ஹால்டம் தானே அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தாள். பள்ளி திறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. நடைவழியெங்கும் புது மெழுகு வாசனை.

க்வென்னும் ஆர்டெலியாவும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். க்வென்னின் விவாகரத்து, ஆர்டெலியாவின் கணவர் இறந்த வருஷம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் அம்மை, எல்லாவற்றையும் சேர்ந்தே கடந்தவர்கள். இன்று க்வென்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உன்னோடது ஒரு பெட்டியில, பள்ளி மாவட்டத்தோடது இன்னொரு பெட்டியிலன்னு பிரிக்கச் சொல்லியிருக்காங்க."

"குளிர் கோட்டெல்லாம் எதுல சேர்த்தி?"

அலமாரி முழுக்கக் கோட்டுகள். இல்லாத பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வதற்காக ஊரில் கேட்டு வாங்கி வைத்தவை.

"கோட்டைப் பத்தி மாவட்டத்து வக்கீல் ஒண்ணும் எழுதல," என்றாள் க்வென்.

"அப்ப அது சட்டத்துக்கு உட்பட்ட கோட்டுதான். பரவாயில்ல."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது.

ஆர்டெலியா மேசை இழுப்பறையைத் திறந்தாள். பத்தொன்பது வருஷத்துப் பெயர்த்தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க வீட்ல உன் பேரை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பாள். சொன்னபடியே ஒலியை எழுதி, மேடையில் பெயர் வாசிப்பவரிடம் கொடுப்பாள்.

முதல் வருஷம் ஷோசில் என்ற பெண்ணின் அப்பா கோழிப்பண்ணை உடுப்போடு நேராக வந்திருந்தார். மகள் பெயர் அவர் வைத்தபடியே ஒலிபெருக்கியில் கேட்டதும், அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது இப்போதும் ஆர்டெலியாவின் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு வருஷம் வியட்நாம் குடும்பத்துப் பையன் ஒருவன், "எப்படி வேணா கூப்பிடுங்க மிஸ், எனக்குப் பழகிடுச்சு," என்றான். "எனக்குப் பழகலை. உக்காரு," என்றாள் அவள். அரை மணி நேரம் ஆயிற்று. இப்போது அவன் பெரிய ஊரில் பல் மருத்துவன். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பும்போது தன் பெயருக்குக் கீழே உச்சரிப்பையும் எழுதி அனுப்புகிறான், வேடிக்கைக்கு.

கடைசியாகச் சுவரிலிருந்து இரண்டு சின்னப் படங்களைக் கழற்றினாள்.

ஒன்றில் எட்டு வயது ஆர்டெலியா. இன்னொன்றில் ஆறு வயது கார்டெல். ஒரே நாள் எடுத்த பள்ளிப் படங்கள்.

படம் எடுக்கும் நாளில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் சீப்பு கொடுப்பார்கள். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து பின்னி அழுத்தி அழகு பண்ணிவிட்ட கெட்டிச் சுருள் தலையை, படக்காரரின் உதவியாள் அம்மாள் 'கொஞ்சம் சரி பண்றேன்' என்று அந்தச் சீப்பால் இழுத்தாள். சீப்பு பட்டென்று ஒடிந்தது. பாதி தலைக்குள்ளேயே நின்றுவிட்டது. வரிசை மொத்தமும் சிரித்தது. படத்தில் ஆர்டெலியாவின் உதடு இறுகியிருக்கும். காதுக்கு மேலே சீப்பின் கறுப்புப் பல் ஒன்று தெரியும்.

முன்னால் நின்ற கார்டெல் திரும்பிப் பார்த்தான். தன் சீப்பை முழங்காலில் வைத்து ஒடித்து, பாதியைத் தலையில் செருகிக்கொண்டு கேமராவைப் பார்த்து இளித்தான்.

அம்மா இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு முதலில் கார்டெலை நாலு போட்டாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு படமும் கூடத்தில் தொங்கின.

இந்த அறை கைக்கு வந்த முதல் வருஷமே, படம் எடுக்கும் நாளன்று இங்கே ஒரு மேசை போட்டு, எண்ணெயும் அகலச் சீப்பும் ரிப்பனும் பரப்பி வைத்தாள் ஆர்டெலியா. எந்த நிறப் பிள்ளையும் வரலாம். வந்தார்கள்.

"அந்தப் படம்," என்றாள் க்வென். அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதாலதான் எல்லாம்."

"எதால?"

"மே மாசம் ரெனாட்டா மேல ஒரு புகார் வந்திருக்கு. இந்தச் சீப்புக் கதையை வகுப்புல சொல்லி, உங்க வீட்டுப் பள்ளிப் படத்தைப் பத்தி எழுதுங்கன்னு சொன்னாளாம். வெள்ளைக்காரப் பிள்ளைங்க மனசுல குற்ற உணர்ச்சியை உண்டாக்கற பாடம்னு ஒரு வீட்லேர்ந்து எழுதிக் குடுத்திருக்காங்க."

ஆர்டெலியாவின் ஒரே மகள் ரெனாட்டா. இதே பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

"அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அவளுக்கே தெரியாது. மேலிடத்துல அமுக்கி வெச்சிருக்காங்க." க்வென் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குத் தீர்மானத்தை கார்டெல் வெறுமனே ஆதரிக்கப் போறதில்ல ஆர்டெலியா. அவரேதான் முன்மொழியப் போறார். அப்படிச் செஞ்சா புகார் இழுப்பறையிலேயே கிடக்கும், அவ வேலையும் தப்பும். நான் சொன்னேன்னு சொல்லிடாதே. கெஞ்சிக் கேக்கறேன்."

*

கார்டெலின் டயர் கடை நெடுஞ்சாலை முக்கில். மதிய வெயிலில் தார் இளகிக் கிடந்தது. காற்றழுத்த இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்ததால் அக்காவின் கார் வந்து நின்றது அவனுக்குக் கேட்கவில்லை.

"கார்ல என்ன கோளாறு?" நிமிர்ந்து பார்த்ததும் அதுதான் வாயில் வந்தது.

"கார்ல ஒண்ணுமில்ல. தம்பிகிட்டத்தான் கோளாறு."

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். இரண்டு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டான். குளிர்பெட்டியிலிருந்து சிவப்பு சோடா எடுத்து, திறந்து அவள் கையில் கொடுத்தான். சின்ன வயதில், அடிமைமுறை ஒழிந்த விடுதலைத் திருநாளன்று அப்பா அவர்களுக்கு வாங்கித் தந்த அதே சோடா.

"ரெனாட்டாவை வெச்சுப் பேரம் பேசினியாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? உண்மையா?"

கார்டெல் கையிலிருந்த மசியைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு விட்டார். மேசை மேல ரெண்டு காயிதம். ஒண்ணு தீர்மானம். இன்னொண்ணு நம்ம புள்ள மேல வந்த புகார். ஒரே குரலா நிறைவேறினா ஊருக்கு நல்லது, நீங்களே முன்மொழிஞ்சா இன்னும் நல்லதுன்னார். அப்புறம் புகாரை எடுத்து இழுப்பறைக்குள்ள போட்டார். அவ்வளவுதான் அக்கா. வேற ஒரு வார்த்தை பேசல."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அந்த ஆபீஸுக்கே போய்க் கத்தியிருப்பேன்."

"அதான் சொல்லல."

ஆர்டெலியா சோடாவைக் குடித்தாள். கோபத்தோடுதான் வந்தாள். அதை எங்கே வைப்பதென்று இப்போது தெரியவில்லை.

"நான் கை தூக்கினாலும் தூக்காட்டியும் உன் அறை போயிடும்," என்றான் கார்டெல். "அங்க ஆறு பேர் இருக்காங்க. எப்படியும் போகப்போறதைக் குடுத்து, இருக்கறதைக் காப்பாத்தலாம்னு பார்த்தேன். நீ பத்தொன்பது வருஷம் பண்ணிட்ட. அவ இப்பத்தானே ஆரம்பிக்கறா? தப்பா?"

"தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"பின்ன?"

"அவளைக் கேட்டியா?"

கார்டெல் துணியை மடித்து முழங்காலில் வைத்தான்.

"அன்னிக்கு எனக்காக நீ சீப்பை ஒடச்சப்பவும் என்னைக் கேக்கல," என்றாள் ஆர்டெலியா.

"அது நல்லபடியாத்தானே முடிஞ்சது!"

"அது சீப்புடா. இது அவ வேலை. அவ பேரு." அவள் எழுந்தாள். "நான் போய் அவகிட்ட சொல்லப் போறேன். நீ என்ன பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு அம்பத்தஞ்சு வயசாகுது."

கார் வரை வந்து கதவைத் திறந்துவிட்டான் அவன். "ஞாயித்துக்கிழமை அந்தச் சோளரொட்டியை என்ன பண்ணின?"

"நான் ஒருத்தியே தின்னேன். மூணு நாளா."

*

மூன்று மணிக்கு ரெனாட்டா பெட்டிகளைத் தூக்க உதவிக்கு வந்தாள். அகலமான தோள், அப்பாவைப் போல. இரண்டு பெட்டியை ஒரே தூக்கில் தூக்குவாள். அம்மா சொல்லி முடித்ததும் இரண்டையும் தரையில் வைத்தாள்.

"என்னை வெச்சு ஊரே பேரம் பேசியிருக்கு. கடைசியா எனக்குத்தான் தெரியுது. நல்லா இருக்கும்மா."

"மாமா உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும். அதான் கோபமே வர மாட்டேங்குது. அழுகைதான் வருது." அவள் காலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். படம் தொங்கிய இரண்டு இடத்திலும் சுவர் வெளுத்திருந்தது. "புகார் குடுத்தது யார் வீடுன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். அந்தப் பையன் எழுதினதுதான் வகுப்புலயே நல்லா இருந்தது. அவங்க அப்பாவோட பள்ளிப் படம் அஞ்சு வருஷத்துக்கும் ஒரே சட்டையிலயாம். ஒவ்வொரு வருஷமும் கை மட்டும் குட்டையாகிக்கிட்டே வருமாம். அவன் வாசிச்சு முடிச்சதும் யாருமே பேசல. அப்பா வீட்ல அதைப் படிச்சிருப்பார். வெக்கமா இருந்திருக்கும், பாவம்."

ஆர்டெலியா காலி இழுப்பறையை மூடினாள்.

"இன்னிக்குக் கூட்டத்துல பேச நானும் பேர் குடுக்கப் போறேன்," என்றாள் ரெனாட்டா.

"வேண்டாம்டி."

"வாயைத் திறந்து பேசுன்னு பத்தொன்பது வருஷமா மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொன்னது யாரு?"

"அவங்கள்லாம் மத்த வீட்டுப் பிள்ளைங்க!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. ரெனாட்டா சிரித்துவிட்டாள். குனிந்து மறுபடி இரண்டு பெட்டியையும் தூக்கினாள்.

*

ஆறு மணிக்குக் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வரும் இடத்தில் இன்று நாற்காலி போதவில்லை. குழுத் தலைவர் லைல் ஓக்லி மாட்டுத்தீவனக் கடைக்காரர். அங்கிருந்த பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஜெபம் முடிந்தது. கொடிக்கு உறுதிமொழி முடிந்தது. பேச வருபவர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்று சுவர்த்திரையில் கடிகாரம் ஒளிர்ந்தது.

கார்டெல் இடது ஓரத்து நாற்காலியில், தேவாலயத்துக்குப் போடும் சட்டையில் இருந்தான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் ஆர்டெலியாவைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை அவள் பையிலிருந்து எடுக்கவில்லை. பெயர்த்தாளை மட்டும் காட்டினாள்.

"போன மே மாசம் இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க பட்டம் வாங்கினாங்க. ஒரு பேர் கூடத் தப்பா வாசிக்கல. லைல், உங்க பேத்தி பேரையும் சேர்த்துத்தான். அவ பேரைப் பாதிப் பேர் தப்பாத்தான் சொல்லுவாங்கன்னு நீங்களே என்கிட்ட சொல்லியிருக்கீங்க."

லைல் ஓக்லி தலையாட்டினார். சபையில் லேசாகச் சிரிப்பு ஓடியது.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் பஸ் ஆபீஸ்ல போன் எடுக்கப் போறேன். அதையும் நல்லாவே எடுப்பேன். ஆனா அடுத்த மே மாசம் இந்தப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, உன் பேரை எப்படிச் சொல்லணும்னு கேக்கப் போறது யாரு? பேரைச் சரியாச் சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லையே. உங்கள்ல யார் செய்யறீங்கன்னு சொன்னா இந்தத் தாளைக் குடுத்துட்டுப் போறேன்."

அவள் காத்திருந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பேரில் யாரும் கை நீட்டவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும் வரை அப்படியே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான இரண்டு நிமிடம் இருந்ததில்லை.

நாலு பேருக்குப் பிறகு ரெனாட்டா. அவள் ஒலிவாங்கியைச் சரிசெய்தபோது கார்டெல் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான்.

"மே மாசம் என் பாடத்தைப் பத்தி ஒரு புகார் வந்திருக்காம். என்கிட்ட யாரும் சொல்லல. அது ஒரு இழுப்பறையில இருக்காம். தயவுசெஞ்சு அதை வெளியில எடுங்க. என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க, பதில் சொல்றேன். அதை உள்ளயே வெச்சிருக்கறதுக்காக யாரும் எனக்காக எதையும் விட்டுக்குடுக்க வேண்டாம்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் மாமாவைப் பார்த்தாள். "நன்றி. அவ்வளவுதான்."

கண்காணிப்பாளர் தன் முன்னாலிருந்த தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

தீர்மானம் வந்தது. லைல் ஓக்லி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"கார்டெல், நீங்கதானே முன்மொழியறீங்க?"

கார்டெல் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"கார்டெல்?"

"வேற யாரையாவது பார்த்துக்கோங்க லைல். எனக்குக் கை எழும்பல."

இன்னொருவர் முன்மொழிந்தார். மற்றொருவர் வழிமொழிந்தார். ஓட்டு, ஆறுக்கு ஒன்று. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. சிலர் கைதட்டினார்கள். சிலர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள். ஆர்டெலியா கையிலிருந்த பெயர்த்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

*

வெளியே பைன் மரங்களுக்கு மேல் இன்னும் வெயில் இருந்தது. கார்டெல் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வந்து, தன் திறந்த சரக்கு வண்டியின் பின்பலகையை இறக்கினான். அக்காவும் தம்பியும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் உட்கார்ந்ததுபோலவே கால் தொங்கியது.

"அடுத்த குழுத் தேர்தல்ல நான் தோத்தேன்," என்றான் கார்டெல்.

"அப்பவாவது என் காருக்கு டயர் மாத்த உனக்கு நேரம் கிடைக்கும்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து போயிற்று. "அறையைக் காப்பாத்த முடியல அக்கா. இப்ப அவளையும் மாட்டிவிட்டாச்சு."

ஆர்டெலியா அவன் முதுகில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

ரெனாட்டா கைபேசியைப் பார்த்தபடியே வந்தாள். "ரொம்ப வேகமாத்தான் வேலை செய்யறாங்க. அதுக்குள்ள மின்னஞ்சல் வந்துடுச்சு. திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் பள்ளி மாவட்ட ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கூட ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமாம்."

"நான் வரேன்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"நீ வந்தா கத்துவ," என்றான் கார்டெல்.

"நீ வந்தா பேரம் பேசுவ," என்றாள் ஆர்டெலியா.

"ரெண்டு பேரும் வேண்டாம்," என்றாள் ரெனாட்டா. "அந்தப் பாடத்தை நான் நடத்தினப்போ கடைசி வரிசையில ஒருத்தர் உக்காந்து பார்த்துட்டிருந்தாங்க. மதிப்பீடு பண்ண வந்திருந்தாங்க. அந்தப் பையன் வாசிச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. 'மிக நல்ல வகுப்பு'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. அவங்க வந்து நான் பார்த்தேன்னு சொன்னாப் போதும். புகார் நிக்காது."

"யாருடி அது?"

"க்வென் ஹால்டம்."

ஆர்டெலியாவின் கை தம்பியின் முதுகிலிருந்து தானாக இறங்கியது. காலையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, யாரோ சொல்லக் கேட்டதுபோல அந்தக் கதையைச் சொன்னாளே!

"கேட்டியா அவளை?"

"கூட்டத்துக்கு நடுவுலயே செய்தி அனுப்பினேன். பார்த்துட்டாங்க. பதில் வரல."

வண்டி நிறுத்தும் மைதானத்தின் மறுகோடியில் க்வென்னின் வெள்ளை நிறக் கார் நின்றிருந்தது. க்வென் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்டெலியாவின் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று குனிந்து காருக்குள் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. இயந்திரம் உறுமியது.

ஆர்டெலியா பலகையிலிருந்து இறங்கினாள்.

"அக்கா, விடு," என்றான் கார்டெல். "போகட்டும்."

அவள் கேட்கவில்லை. பாதி மைதானம் நடந்துவிட்டாள். க்வென்னின் கார் உறுமிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நின்ற இடத்தை விட்டு இன்னும் நகரவில்லை.